மலைக்கு அந்தப் பக்கம் எமல்டா

"எந்த ரேடியோ வாங்கட்டும்? போன வாரமே கேட்டேன். தங்கச்சி நம்பரை வாங்கி வச்சுக்கிட்டியே தவிர, பதிலைக் காணோம்."

ஜெசிந்தா பதினோரு ரேடியோக்களின் படங்களை மேஜையில் பரப்பினாள். வானலையில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலிக்கான தேர்வை ஐம்பத்திரண்டு வயதில் எழுதித் தேறியவள்.

எதிரே மெஹருன்னிசா ஜன்னல் சட்டம் அறுத்துக்கொண்டிருந்தாள். பொள்ளாச்சியில் அலுமினியக் கடை. வயது முப்பத்தொன்று. ஊர் வானொலிக்காரர்களுக்கெல்லாம் அவள்தான் குரு.

"வால்பாறையில தங்கச்சி தனியா இருக்கா. போன மழைக்கு செல் டவர் விழுந்து, நாலு நாள் அவ இருக்காளா இல்லையான்னே தெரியல. அடுத்த வாரம் மறுபடி மழை. அவளும் ரேடியோ லைசென்ஸ் வாங்கிட்டா. நடுவுல இவ்வளவு பெரிய மலை நிக்குதே!"

"பெரிய செட்டா வாங்கினா மலை ஒதுங்கிக்குமாக்கா?"

"குருன்னா நேரா பதில் சொல்லக் கூடாதுன்னு சட்டமா?"

மெஹருன்னிசா சிரித்தாள். உள்ளங்கையில் அடங்கும் ரேடியோ ஒன்றை எடுத்தாள். ஜன்னல் அளக்கும் இரும்பு டேப்பைத் துண்டு போட்டு, பிளாஸ்டிக் குழாயில் மாட்டிய ஏரியல் ஒன்றையும் எடுத்தாள்.

"இதா? பல்லி அடிக்கக்கூட ஆகாதும்மா."

"மாடிக்கு வாங்க. தங்கச்சிக்கும் இதே மாதிரி ஒண்ணு பஸ்ல அனுப்பியாச்சு. அங்க காத்துட்டு நிக்கறாங்க."

மாடியில் சாயங்கால வெயில். ஜெசிந்தா ஏரியலை மலைப் பக்கம் நீட்டினாள்.

மெஹருன்னிசா அவள் முழங்கையைப் பிடித்து உயர்த்தினாள்.

"அங்க ஒண்ணும் இல்லையே! வெறும் வானம்."

"ஒரு குட்டி செயற்கைக்கோள் வருது. உங்க குரலை வாங்கி மலைக்கு அந்தப் பக்கம் இறக்கிடும். பத்து நிமிஷம் இருக்கும். கூப்பிடுங்க."

ஜெசிந்தா பொத்தானை அழுத்தித் தன் அழைப்புக் குறியைச் சொன்னாள். சொன்னாளா, கத்தினாள். மலைக்கே கேட்டிருக்கும்.

பொத்தானை விட்டாள்.

இரைச்சல்.

பிறகு, மேலேயிருந்து:

"ஏன்க்கா இப்படிக் கத்தறே? பக்கத்துல நிக்கற மாதிரிதான் கேக்குது."

ஜெசிந்தாவின் வாய் திறந்தபடியே நின்றது. ஊரே பயப்படும் வாய்.

"பேசுங்கக்கா. போயிடும்."

"எமல்டா," என்றாள், கோயிலில் பேசுவதுபோல.

அவள் கை, யாரும் பிடிக்காமலே, குரல் போன திசையில் மெல்ல மெல்ல நகர்ந்தது. தென்னந்தோப்புக்குப் பின்னால் குரல் தேய்ந்தது. அடங்கியது.

"எந்த ரேடியோன்னு கேட்டீங்களேக்கா?"

ஜெசிந்தா வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது மறுபடி எப்பங்க வரும்?"