கொட்டாவிக்குத் தடை விதித்த நகரம்

மலைகளுக்கு மனிதர் பெயர் வைத்திராத முற்காலத்திலே, மணிமாடபுரி என்றொரு நகரம் இருந்தது. அதனை ஆண்ட விசயகேது மன்னனிடம் இல்லாத செல்வம் இல்லை. ஆயினும் தேவர்கள் மீது அவனுக்குத் தீராத பொறாமை இருந்தது.

ஒருநாள் சோதிமுகன் என்னும் மாயாவி சபைக்கு வந்தான். "மன்னா, தேவர்களுக்கு அடையாளம் மூன்று. அவர்கள் கண் இமைக்காது. அவர்கள் நிழல் விழாது. அவர்கள் சூடிய மாலை வாடாது. உம்முடைய குடிகளுக்கு இம்மூன்றையும் நான் தருகிறேன்" என்றான்.

நாற்சந்தியில் ஒரு பளிங்குத் தூணை நாட்டி மந்திரம் ஓதினான். தூணிலிருந்து ஒளி பீறிட்டது. கோட்டைச் சுவரில் ஒளிமயில்கள் தோகை விரித்தன. கூரைகளில் ஒளிமீன்கள் நீந்தின. வீதியெங்கும் ஒளிக்கொடிகள் படர்ந்து பூத்தன. பூக்கட்டும் நாச்சியாளும் தன் கைக்குழந்தை செல்லியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கால் கடுக்க நின்று பார்த்து மகிழ்ந்தாள்.

ஆனால் அந்த ஒளி அணையவே இல்லை. நாற்புறமும் வெளிச்சம் விழுந்ததால் நிழல் மறைந்தது. உறக்கம் ஒழிந்ததால் கண்கள் இமைக்க மறந்தன. மல்லிகை மொட்டுகள் இரவுக்குக் காத்திருந்தே கருகிப்போனதால் மக்கள் சரிகை மாலை சூடினார்கள், அது வாடவில்லை.

"தேவர்களாகிவிட்டோம்!" என்று மன்னன் பூரித்தான். தேவர்கள் கொட்டாவி விடமாட்டார்கள் என்று மாயாவி எடுத்துச் சொல்லவே, கொட்டாவிக்குத் தடை விதித்து முரசறைந்தார்கள். அன்றுமுதல் ஊரார் வாயைப் பொத்திக்கொண்டே நடமாடினார்கள்.

செல்லிக்கோ பால் இறங்கவில்லை. அழக்கூடத் தெம்பின்றி விழித்தபடியே கிடந்தாள். "இரவு வந்தால் பிழைப்பாள், தாயே. இரவுக்கு நான் எங்கே போவேன்?" என்று வைத்தியர் கைவிரித்தார்.

நாச்சியாள் கண்ணீரோடு பூக்கூடையில் மிஞ்சிய மல்லிகை மொட்டுகளை மூடியிருந்த ஈரத்துணியை விலக்கினாள்.

"அக்கா, துணியை மூடு! கண் கூசுகிறது!"

"யாரது?"

"மின்மினி. என் விளக்கை இப்போது யார் மதிக்கிறார்கள்? என் வீட்டுக்காரிக்கே நான் இருக்குமிடம் தெரியவில்லை."

"உனக்கு வீட்டுக்காரி கவலை. எனக்கு என் பிள்ளையின் உயிர் போகிறதே!"

மின்மினி குரலைத் தாழ்த்திற்று. "அப்படியானால் கேள். மாயாவி தூணருகே முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. பார்க்கின்ற கண்தான் அந்த ஒளிக்கு எண்ணெய். ஊரில் ஒரு மனிதக் கண் திறந்திருந்தாலும் அது எரியும்; எல்லாக் கண்ணும் ஒருசேர மூடினால் அணையும்."

"உறங்க மறந்த ஊர் எப்படி அப்பா கண்ணை மூடும்?" என்ற நாச்சியாளுக்குக் கொட்டாவி முட்டிக்கொண்டு வந்தது. பழக்கத்தால் வாயைப் பொத்தினாள். பொத்திய கையைப் பார்த்தாள். கொட்டாவி விடும்போது கண்ணைத் திறந்து வைத்திருப்பவர் யார்? கிளுக்கென்று சிரித்துவிட்டாள்.

மன்னன் தன் குடிகளுக்குத் தேவப்பட்டம் சூட்டும் விழாவுக்கு ஊரே நாற்சந்தியில் திரண்டபோது, பூக்கூடையும் குழந்தையுமாக அவள் அரியணை முன் நின்றாள்.

"மன்னா, என் மகளுக்கும் பட்டம் வேண்டும்."

"மூன்று அடையாளமும் உண்டா?"

"மடியில் வைத்துத் தாங்களே பாருங்கள்."

மன்னன் குழந்தையை வாங்கிக்கொண்டான். நாச்சியாள் செல்லியின் நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை விரலால் மெல்ல நீவினாள். ஒருமுறை நீவினாள், இதழ் துடித்தது. மறுமுறை நீவினாள், மூக்கு சுருங்கியது. மூன்றாம் முறை நீவினாள். தடையுத்தரவை அறியாத அந்தப் பிள்ளை, மன்னன் முகத்துக்கு நேரே வாய்நிறையக் கொட்டாவி விட்டது.

மன்னனின் மீசை நடுங்கிற்று. "ஆ...வ்!" மன்னனைப் பார்த்த மந்திரி "ஆ...வ்!" மந்திரியைப் பார்த்த காவலர் "ஆ...வ்!"

"பொத்துங்கள்! வாயைப் பொத்துங்கள்!" என்று மாயாவி அலறினான். யார் கேட்டார்கள்? எத்தனை மாதக் கொட்டாவி! வாய்க்கு நேரே சொடக்குப் போட்ட ஓசை, ஓலைக்கூரையில் மழை விழுவது போல ஊர்முழுதும் கேட்டது. மூடிய இமைகள் மீண்டும் திறக்க மறுத்தன. ஒளிமயில்கள் தோகையைச் சுருக்கின, ஒளிமீன்கள் வெளிறின. மாயாவியோ இரு கைகளாலும் தன் இமைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மின்மினி கூடையிலிருந்து பறந்துபோய் அவன் மூக்கின்மேல் அமர்ந்தது.

"சீ, போ!" என்று அவன் கையை எடுத்ததுதான் தாமதம். "ஆ...வ்!"

நாச்சியாளும் கண்களை இறுக மூடினாள். ஒளி அணைந்ததா? திறந்து பார்த்தால் மறுபடியும் பற்றிக்கொள்ளுமே! இமையைத் திறக்காமலே நின்றாள். அப்போது கூடையிலிருந்து, முதலில் ஐயமாகவும் பின்பு தாராளமாகவும், மல்லிகை மணம் எழுந்தது.

இரவு வந்துவிட்டது.

தடவித் தடவிக் குழந்தையை எடுத்தாள். செல்லி சீராக மூச்சுவிட்டு உறங்கிக்கொண்டிருந்தாள். இருளில் எங்கோ ஒரு சிறு விளக்கு மினுங்க, இன்னொரு சிறு விளக்கு அதற்கு மறுமொழி சொன்னது.

விடிந்து ஊரார் கண் விழித்தபோதும் தூண் எரியவில்லை; மீண்டும் ஏற்ற மாயாவிக்கு மந்திரம் மறந்துபோயிருந்தது. பசியாறக் கஞ்சி எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டான். மன்னன் தன் காலடியில் நீண்டு கிடந்த நிழலைக் கண்டு நாணினான்.

"தாயே, என்ன வேண்டும்?"

"அந்தத் தூண் என் மல்லிகைக் கொடிக்குப் பந்தற்காலாக இருக்கட்டும், மன்னா. அது போதும்."

அப்படியே ஆயிற்று. செல்லி வளர்ந்தாள், தூண் முழுதும் பூத்தது.

கேட்டிருந்தவர்களே, உங்களில் யாருக்கேனும் இப்போது கொட்டாவி வருமாயின் வாயைப் பொத்தவேண்டாம். விளக்கை அணையுங்கள். மொட்டுகள் காத்திருக்கின்றன.