மறுகரைக் கிளையில் மிளகி

ஒரு காட்டில், வற்றாத ஓடையின் மேட்டுக்கரையில் நின்ற நாவல் மரத்தில் வஞ்சி என்னும் மந்தி இருந்தது. ஒருநாள் வழுக்குப் பாறையில் இறங்கும்போது அதன் முழங்கால் திருகிக்கொண்டது. படக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், உள்ளே ஜவ்வு கிழிந்து முட்டி பலாப்பிஞ்சு போல வீங்கிவிட்டது.

அந்த வாரமே கூட்டம் மறுகரை அத்தி மரங்களுக்குக் கிளம்பியது. இங்கே அத்தனை வாய்க்கும் இலை போதவில்லை. குட்டிகளைக் கைமாற்றிச் சுமப்பது மந்திகளின் வழக்கம். அதனால் வஞ்சியின் குட்டி மிளகியை, வஞ்சியின் தங்கை பூவாத்தா மாரோடு அணைத்துக்கொண்டது. அதற்கும் பால் இருந்தது.

"கவலைப்படாதே அக்கா. நீ தாவி வர்ற வரைக்கும் இவ என் புள்ள" என்றது பூவாத்தா.

மறுகரை பள்ளம். அங்கிருந்து குட்டியோடு மேட்டுக்குத் தாவ எந்த மந்தியாலும் ஆகாது. வஞ்சிதான் போக வேண்டும்.

விடிந்ததும் அது கிளை நுனிக்கு நகர்ந்து எதிர்க்கரையைப் பார்க்கும். பூவாத்தாவின் மாரில் ஒரு கறுப்புத் தலை தெரிந்துவிட்டால் அன்றைய பொழுது ஓடிவிடும். தெரியாத நாளில் இருட்டும்வரை நுனியை விட்டு நகராது.

அந்தக் காட்டின் வைத்தியர் தையல்சிட்டு. இலைகளைத் தைத்துக் கூடு கட்டுகிற பறவை, கிழிந்த ஜவ்வையும் தைக்கும்.

"இப்பவே தைச்சிடுங்க வைத்தியரம்மா" என்று கெஞ்சியது வஞ்சி. "புள்ளையத் தூக்கி நாலு நாளாச்சு."

"மழையில ஊறின இலையை நான் தொடமாட்டேன். வீங்கின முட்டியும் அப்படித்தான். இப்பத் தைச்சா விறைச்சுப்போகும், அப்புறம் மடங்காது. வீக்கம் வடியட்டும். தினமும் நீட்டி மடக்கு. தாவ மட்டும் தாவிடாதே."

"எப்பத்தான் தைப்பீங்க?"

"கால் முழுசா நீண்டு முழுசா மடங்குற அன்னைக்கு. அதுக்கு மேல தள்ளவும் மாட்டேன். தைச்சு ஆறு பௌர்ணமி போனா நீ தாவலாம்."

வஞ்சி பல்லைக் கடித்துக்கொண்டு காலை நீட்டியது, மடக்கியது. ஒவ்வொரு மடக்குக்கும் மிளகியின் பேரைச் சொல்லிக்கொண்டது. வீக்கம் வடிந்தது. வலியும் போனது. சிட்டு வந்து அழுத்திப் பார்த்துவிட்டு, "நாளன்னைக்குத் தைச்சிடலாம்" என்றது.

மறுநாள் காலை மிளகி முதன்முறையாகச் சித்தியின் மாரை விட்டு இறங்கி, தனியாகக் கிளையில் உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் பார்த்து மெல்லக் கத்தியது.

வஞ்சிக்கு நெஞ்சு தாங்கவில்லை. 'வலிதான் இல்லையே. இனி எதுக்குத் தையல், எதுக்கு ஆறு பௌர்ணமி?' என்று நினைத்தது. நினைத்ததும் தாவிவிட்டது.

உந்திய நொடியில் முட்டி கழன்றாற்போல் விலகியது. வஞ்சி ஓடையில் விழுந்தது. தத்தளித்து, பழைய கரையிலேயே ஏறியது.

சிட்டு வந்து முட்டியை அழுத்திப் பார்த்தது.

"வலி போனா ஜவ்வு ஒட்டிக்கிச்சுன்னு நினைச்சியா வஞ்சி? அது கிழிஞ்சபடியேதான் இருந்துச்சு. இப்ப எலும்புக்கு நடுவுல இருக்கிற மெத்தையும் கிழிஞ்சுபோச்சு."

"தைக்க முடியாதா?"

"வீக்கம் வடிஞ்சதும் தைக்கிறேன். நடப்பே, மரம் ஏறுவே. ஆனா இந்த ஓடையைத் தாண்ட மாட்டே."

ஒரு வருஷம் போனது. நாவல் பழுத்தது. குட்டிகள் தாமாகத் தாவும் அளவுக்கு வளர்ந்துவிட்டதால் கூட்டம் திரும்பி வந்தது. எல்லோருக்கும் முன்னால் ஓர் ஒல்லி மந்தி தாவி வந்து வஞ்சியின் பக்கத்தில் இறங்கியது. அது மிளகி.

வஞ்சி கையை நீட்டியது. மிளகி அந்தக் கையை மோந்து பார்த்தது. பிறகு ஓரடி பின்வாங்கி, பின்னால் வந்த பூவாத்தாவைக் கூப்பிட்டது.

"அம்மா, இங்க யாரோ உக்காந்திருக்காங்க."

நீட்டிய கையை வஞ்சி மடக்கிக்கொண்டது. கிளையில் நன்றாகப் பழுத்த ஒரு நாவலைத் தேடிப் பறித்து, "பழம் சாப்பிடும்மா" என்று கொடுத்தது.

வலி நின்ற நாளும் குணமான நாளும் ஒன்றல்ல. ஆசை எத்தனை நியாயமானதாக இருந்தாலும், வைத்தியத்துக்கு உரிய நாள்வரை பொறுத்தே ஆக வேண்டும்.