மயிலாத்தாள் உட்கார்ந்த நாள்

கோயமுத்தூர் பம்புசெட் கம்பெனி ஒன்றில் மேனேஜர் சிவப்பிரகாசம் ஆளுக்கொரு புது நாற்காலி வாங்கிப் போட்டார். அதில் தைத்த துணிக்கே அறிவு உண்டாம். யார் உட்கார்ந்து வேலை பார்த்தார், யார் சாய்ந்து தூங்கினார், யார் வரவேயில்லை என்று சாயங்காலமானால் தலைமை ஆபீசுக்குத் தானே சொல்லிவிடும்.

முதல் நாளே மாட்டிக்கொண்டவள், டீ கொடுத்து, கூட்டித் துடைத்து, ஃபைல் சுமக்கும் மயிலாத்தாள்.

"நீ வேலையே பார்க்கலைன்னு நாற்காலி சொல்லுது!"

"நாள் முழுக்க ஓடி ஓடிப் பார்த்தனுங்க சார்."

"நாற்காலி பொய் சொல்லாது. நாளைக்கும் இப்படின்னா வீட்டுக்குப் போயிரு."

"சரிங்க சார்."

மறுநாள் காலையிலேயே அவள் தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். மேனேஜர் டீ கேட்டார்.

"எந்திரிச்சா வேலை போயிருமுங்க சார்."

டீக்கு அவரே கடைக்கு ஓடினார். ஃபைலுக்கு மாடி ஏறினார். வந்த ஏஜெண்டுகளுக்குத் தண்ணீர் கொடுத்தார், சிந்தியதைத் துடைத்தார். உட்கார ஏது நேரம்?

சாயங்காலம் தலைமை ஆபீசிலிருந்து போன் வந்தது. "மயிலாத்தாளுக்கு முழு மார்க். நீங்க ஏன் சொல்லாம லீவு போட்டீங்க?"

"ஐயோ, நாள் முழுக்க ஓடி ஓடி வேலை பார்த்தேன் சார்!"

மயிலாத்தாள் எழுந்து சேலையை உதறினாள்.

"நேத்து நானும் அதையேதானுங்க சார் சொன்னேன்."