டூகலின் சேறு

டூகலுக்கு நடந்தது அநியாயம். சட்டை சுத்தமாக இருந்ததற்காக அவனைச் சோம்பேறி என்றார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால், ஸ்காட்லாந்தின் ஒரு சுரங்க ஊர்க் கால்பந்து அணியில் ஓரக்கோட்டை ஒட்டி ஓடியவன் அவன். சேறு கிடப்பது மைதானத்தின் நடுவில், ஓரத்தில் புல்தான். அவனைக் கீழே தள்ள ஒருவனாலும் முடிந்ததும் இல்லை. விழுந்து புரண்டால்தான் உழைப்பா?

கூரைக்கு அடியில், கோட்டு கசங்காமல் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் கிளப் தலைவர் பெதூனிடம் இதையெல்லாம் யார் சொல்வது?

"சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் நீ உழைத்த சேற்றை என்னிடம் காட்டு. இல்லையென்றால் மறுபடி சுரங்கத்தில் கரி வெட்டப் போ" என்றார் அவர்.

"ஒரு தடவை சும்மா விழுந்து தொலையேன்" என்றார்கள் கூட்டாளிகள்.

"விழுந்தால் பந்து போய்விடுமே" என்றான் டூகல்.

சனிக்கிழமை நல்ல மழை. ஓரமும் சேறாகிவிட்டது. எதிரணித் தடுப்பாட்டக்காரன் ரட்டர் டூகலின் பந்தைப் பறிக்கச் சறுக்கிச் சறுக்கி விழுந்தான். டூகல் ஒவ்வொரு தடவையும் விலகி ஓடினான். அவன் அடித்துக் கொடுத்த பந்தில்தான் வெற்றி கோல் விழுந்தது.

"எங்கே சேறு?" என்றார் பெதூன்.

தலைமுதல் கால்வரை சேறு அப்பிச் சிரித்துக்கொண்டிருந்த ரட்டரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நிறுத்தினான் டூகல்.

"இதோ ஐயா. உழைத்தது நான்தான், சேற்றை மட்டும் இவர் வாங்கிக்கொண்டார்."