ஆவன செய்யப்படும்

சுபானு ஆண்டு, ஐப்பசித் திங்கள் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை. காலையில் தூறல், முற்பகலில் புழுக்கம், வடகிழக்கில் யானைக்கூட்டம் போலக் கருமேகம். எந்த நூற்றாண்டு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை சுபானு வரும். அரசர்களும் அப்படித்தான் வருவார்கள். அந்தச் சுபானுவில் மருதங்கோட்டையை வீரகண்டன் என்னும் மன்னன் ஆண்டுவந்தான். ஆண்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. காலையில் ஒருவருக்குப் பட்டம் கொடுப்பான். மாலையில் அதைப் பறிப்பான். இடைப்பட்ட நேரத்தில் உண்பான்.

நகரத்தின் தெரு, கிணறு, கால்வாய் அனைத்தும் பொன்னம்பலராயர் என்னும் அதிகாரியின் பொறுப்பில் இருந்தன. தம்மைத் தவிர வேறு யாரையாவது அரசன் புகழ்ந்துவிட்டால் ராயருக்கு அன்று சோறு இறங்காது. ஆனால் மக்கள் கொடுத்த மனு எதையும் அவர் மறுத்ததே இல்லை. ஒவ்வொன்றிலும் 'ஆவன செய்யப்படும்' என்று எழுதி, முத்திரை வைத்துத் திருப்பித் தந்துவிடுவார்.

செக்கடித் தெருவில் ஆப்பக்கடை வைத்திருந்த வடிவுடையாளிடம் அத்தகைய ஓலைகள் ஏழு இருந்தன. கால்வாய் தூர்ந்துபோய், தேங்கிய சாக்கடை நீர் தெருக்கிணற்றின் சுவரைத் தாண்ட இரண்டு விரற்கடையே எஞ்சியிருந்தது. நாற்பது வீட்டுக்கும் குடிநீர் அந்த ஒரு கிணறுதான். தலைச்சன் பிள்ளையைப் பெற்று ஐந்தே நாளான அவள் மகளும் அதைத்தான் குடிக்கவேண்டும். அன்று மழை கொட்டினால் கிணறு கெடும். தெருவாரே தூர்வாரலாமே என்றால், முத்திரை ஆணையின்றி அரசின் கால்வாயில் மண்வெட்டி வைப்போருக்குப் பன்னிரண்டு கசையடி கொடுக்கப்படும் என்பது சட்டம். அது மட்டும் தவறாமல் கொடுக்கப்பட்டது.

அன்று அரசனின் பிறந்தநாள். விருந்துக்கு நூறு ஆப்பம் சுட்டுவருமாறு வடிவுடையாளுக்கு ஆணை போயிருந்தது. அவள் மூடிய கூடையோடு அவைக்கு வந்தாள். அரசன் நாவூறத் திறந்து பார்த்தான். உள்ளே ஓர் ஓலை: 'ஆப்பம் சுடப்படும்.'

"என்ன இது?"

"ஆப்பந்தான், மன்னவா. சுடப்படும்."

"யார் சுடுவார்?"

"அது வாக்கியத்தில் இல்லையே."

"எப்போது?"

"அதுவும் இல்லை. எதிர்காலத்தில் என்பது மட்டும் உறுதி."

ராயர் துள்ளி எழுந்தார். "பார்த்தீர்களா, அரசே! ஓர் ஆப்பக்காரி அரசரின் வயிற்றோடு விளையாடுகிறாள்!"

"கோபிக்காதீர்கள், ஐயா. தங்களிடம் கற்ற தமிழ்தான். இதோ, ஏழு பாடம்" என்று வடிவுடையாள் ஓலைகளைப் பரப்பினாள்.

அரசன் படித்தான். பசித்தவனுக்கு இலக்கணம் விரைவில் விளங்கும். "ராயரே, ஆவன செய்யப்படும் என்கிறீர். யாரால்?"

"அது செயப்பாட்டுவினை, அரசே. செய்பவரைச் சொல்லத் தேவையில்லை."

"அதனால்தான் செய்பவரே இல்லையோ? இப்போதே செய்வினையில் எழுதும்!"

ராயர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்: 'நாங்கள் கால்வாயைத் தூர்வாருவோம்.'

வடிவுடையாள் தலையசைத்தாள். "'நாங்கள்' என்பது கேட்பவரை விலக்கும் சொல், மன்னவா. ஐயா எங்களை விலக்கிவிட்டார். நாங்கள் இன்னும் கரையில் நின்று வேடிக்கைதான் பார்க்கவேண்டும். நாற்பது வீட்டிலும் மண்வெட்டி காத்திருக்கிறது. 'நாம்' என்று திருத்தச் சொல்லுங்கள். அதிகாரியும் ஊழியரும் தெருவாரும் சேர்ந்தே இறங்குவோம்."

"இவ்வளவுதானே? நாமே எழுதித் தருகிறோம்!" என்று அரசன் எழுத்தாணியைப் பிடுங்கினான். 'நாம் இன்றே கால்வாயைத் தூர்வாருவோம்' என்று எழுதி, முத்திரையும் வைத்து, உரக்கப் படித்தான்.

ராயரின் முகம் பௌர்ணமியாயிற்று. "அகப்பட்டாள்! அரசர் 'நாம்' என்றால் அது அரசர் ஒருவரையே குறிக்கும், அதுவே மரபு. முத்திரையும் விழுந்துவிட்டது. அரசரைச் சாக்கடையில் இறக்கிவிட்டாளே பாவி! இது இராசத்துரோகம்!"

அரசனின் முகம் சிவந்தது. "பெண்ணே, உன் தலை கழுத்தில் நிற்பதற்கு ஒரு காரணம் சொல்."

வெளியே இடி உறுமியது. வடிவுடையாளுக்குக் கழுத்தைவிடக் கிணற்றின் நினைவே முந்திக்கொண்டது. "நான் மரபு அறியேன், மன்னவா, ஐயா அறிவார். ராயர் ஐயா, இந்த 'நாம்' அரசரை மட்டும் குறித்தால், அரசர் சாக்கடையில் நிற்பார். தாங்கள் விருந்தில் இருப்பீர்கள். எல்லோரையும் குறித்தால் தாங்களும் இறங்குவீர்கள். எது பொருள்? அரசர் முன்னிலையில் தாங்களே சொல்லிவிடுங்கள்."

ராயர் குனிந்து தம் பட்டு வேட்டியைப் பார்த்தார். அரசன் அவரைப் பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். "சொல்லும், ராயரே! செயப்பாட்டுவினை மட்டும் வேண்டாம்."

"எல்லோரையும்... குறிக்கும், அரசே."

"அப்படியானால் பட்டு வேட்டியை மடித்துக் கட்டும். பெண்ணே, எம் ஆப்பம்?"

"மாவு பொங்கி ஆயத்தமாக இருக்கிறது, மன்னவா. கால்வாய்க்கரையிலேயே அடுப்பு மூட்டுகிறேன்."

பிறகு நடந்தவை இவை. அரசன் ஒரே ஒரு மண்வெட்டிச் சேற்றை அள்ளிவிட்டுக் குளிக்கப் போனான். அந்த வீரச்செயலைப் புலவர் மூவர் பாடினர். ராயர் பொழுது சாயும்வரை முழங்கால் சேற்றில் நின்றார். தெருவாரும் பதினொரு கால்வாய் ஊழியரும் வாரியதில், மழை இறங்குமுன் நீர் ஓடத் தொடங்கியது. கிணறு தப்பியது. வடிவுடையாளுக்கு அரசன் 'சொல்லரசி' என்று பட்டம் கொடுத்தான், மறுநாள் மறந்துவிட்டான். அவள் கேட்டு வாங்கிய ஆணை மட்டும் நின்றது: ஒவ்வொரு மனுவிலும் செய்பவரின் பெயரையும் செய்யும் நாளையும் அதிகாரி எழுதவேண்டும், வேலை முடிந்ததென்று தெருவார் கையொப்பமிடவேண்டும். மூன்றாம் மாதம் மகள் பிள்ளையோடு புகுந்த வீடு சென்றாள். அடுத்த ஆண்டு புரட்டாசிக் கடைசியில், செக்கடித் தெருவார் பதினெட்டுப் பேரும் ஊழியர் ஐவரும் பொன்னம்பலராயரும் கால்வாயை இரண்டே நாளில் தூர்வாரினார்கள்.