நிற்கிற டயர்

"வழுக்காத டயர் எது வாத்தியாரம்மா?" என்று கேட்டான் வேலாண்டி.

ரஷீதா தலையைத் தூக்கவில்லை. ஒரு லாரி டயருக்குள் கையை விட்டு ஆணி தேடிக்கொண்டிருந்தாள்.

"அப்படி ஒண்ணு இல்லண்ணே."

"இருக்கிறதுலயே நல்லது?"

"எதுக்கு நல்லது?"

வேலாண்டிக்குச் சுருக்கென்றது. டயர் கடைக்கு வந்து டயர் கேட்டால் டயரைக் காட்ட வேண்டும். கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால்?

ஆனாலும் வாயை மூடிக்கொண்டான். மலைக்கு ஜீப் ஓட்டுகிற அத்தனை பேருக்கும் அவள் வாத்தியாரம்மா. அவனைவிட இளையவள்தான். வண்டி ஓட்ட ஊரில் எவனும் சொல்லிக்கொடுப்பான். சேற்றில் ஓட்ட அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்பது வேறு கதை. இங்கே வேண்டாம்.

"மகளை ஏத்தணும்," என்றான்.

இப்போது தலை நிமிர்ந்தது. "சுகந்தியா? பிரசவத்துக்கு வந்துட்டாளா?"

"வந்துட்டா. குழந்தை குறுக்க கிடக்குதாம். மலையில வெச்சுப் பாக்கவே கூடாது, வலி எடுக்கிறதுக்கு முன்னாடியே கொண்டாந்து சேத்துடணும்னு டாக்டரம்மா கண்டிஷனா சொல்லிட்டாங்க."

"சேத்துட வேண்டியதுதானே."

"வண்டியில ஏற மாட்டேங்கிறா."

ரஷீதா டயரிலிருந்து கையை எடுத்தாள்.

"போன வாரம் செக்கப்புக்குக் கூட்டியாந்துட்டுத் திரும்பிப் போறேன். நல்ல மழை. செம்மண் வளைவுல பின்பக்கம் வழுக்கிருச்சு. ஒரு சக்கரம் பள்ளத்தை எட்டிப் பாத்துட்டு வந்துச்சு. அவ்வளவுதான். யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"அவளுக்கு?"

"ஜீப் சத்தம் கேட்டாலே எந்திரிச்சு உள்ள போயிடுறா. இங்கயே பெத்துக்கிறேங்கிறா. அவ அம்மா இருந்தா நாலு வார்த்தை சொல்லுவா."

அவள் அம்மா இல்லை. போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாயிற்று.

ரஷீதா எழுந்து போய் ஜீப்பின் பின் டயரைத் தடவினாள். ரப்பர் பட்டன் இருந்த இடமெல்லாம் தேய்ந்து வழவழவென்று கிடந்தது.

"இதுல முகம் பாத்துப் பவுடர் போட்டுக்கலாம்ணே."

"அதுக்குத்தானே வந்திருக்கேன்." சுவரில் மாட்டியிருந்த டயரைக் காட்டினான். பட்டன் ஒவ்வொன்றும் கருங்கல் சல்லி மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. "அதுல நாலு போடுங்க. யானை வழுக்கினாலும் அது வழுக்காது."

"உங்க வழியில தார் எவ்வளவு?"

"முக்காவாசி தார்தான். மேல போனாத்தான் மண்ணு."

"அது மட் டயர். சேத்துல குதிச்சுக்கிட்டுப் போகும். நனைஞ்ச தார்ல பிரேக் அடிச்சுப் பாருங்க, அது பாட்டுக்குப் போகும்." இன்னொன்றைக் காலால் தட்டினாள். "இது ரோட்டு டயர். தார்ல பிடிச்சு நிக்கும். சேத்தைப் பாத்தா படுத்துக்கும்."

"அப்போ?"

நடுவில் கிடந்த ஒன்றை உருட்டிவந்து அவன் முன்னால் நிறுத்தினாள். "ஆல் டெரெய்ன். தார்லயும் சுமாரா போகும், சேத்துலயும் சுமாரா போகும்."

"சுமாராவா! என் புள்ளைக்குச் சுமாரான டயரா?"

"ரெண்டுலயும் நிக்கும்ணே."

"நிக்கிறது யாருக்கு வேணும்? போகணும்!"

அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஆல் டெரெய்னிலேயே நாலை எடுத்து வைத்துவிட்டு, ஜாக்கியை வண்டிக்கு அடியில் தள்ளினாள்.

அவனைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. மலை ஜீப்புக்கு ஒரு சட்டம் இருக்கிறது. சேற்றில் சக்கரம் வைத்தால் நிறுத்தக் கூடாது. ஏற்றத்தில் நின்றால் மறுபடி கிளம்பாது. இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டால் சறுக்கும். உள்ளே இருக்கிறவர்கள் கத்துவார்கள். சாமியைக் கூப்பிடுவார்கள். டிரைவரின் பரம்பரையையே இழுப்பார்கள். காதில் வாங்கக் கூடாது.

வேலாண்டி ஸ்டியரிங் பிடித்த நாளிலிருந்து வாங்கியதில்லை. நல்ல டிரைவர் என்று பெயர்.

நாலு புது டயரோடு வீட்டு வாசலில் போய் ஹாரன் அடித்தான்.

சுகந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"பாரும்மா. நாலும் புதுசு."

பார்த்தாள். "நல்லா இருக்குப்பா."

"ஏறு. சும்மா ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

"வேண்டாம்பா."

"அதான் டயர் மாத்தியாச்சே!"

"நான் டயரைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே," என்றாள் சுகந்தி. உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வேலாண்டி கடை வாசலில் ஜீப்பை நிறுத்திய வேகத்தில் ஒரு கோழி மயிரிழையில் உயிர் பிழைத்தது.

"உங்க டயரை நீங்களே வெச்சுக்கங்க!"

"ஏறலியா?"

"ஏறல. இன்னிக்குக் காலையில கால் வேற வீங்கியிருக்கு. ராத்திரி பகல்னு பாக்காம வலி வந்துட்டா நான் என்ன பண்ணுவேன்? தூக்கிப் போட்டுக்கிட்டா வரமுடியும்?" வேறு பக்கம் பார்த்து இருமினான்.

ரஷீதா ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். டீ சொன்னாள். அவன் குடித்து முடித்ததும் கேட்டாள்.

"அன்னைக்கு அந்த வளைவுல அவ என்ன சொன்னா?"

"யாரு?"

"சுகந்திண்ணே."

"என்னத்தைச் சொன்னா. கத்துனா."

"என்னன்னு?"

"நிறுத்துங்கப்பா, நான் இறங்கிக்கிறேன்னு. எல்லாரும் கத்துறதுதானே வாத்தியாரம்மா. அதைக் கேட்டா மலையில வண்டி ஓட்ட முடியுமா?"

ரஷீதா கையைக் கழுவித் துடைத்தாள். கையை நீட்டினாள்.

"சாவி."

கொடுத்தான். முன்சீட்டுப் பக்கம் போனான்.

"பின்னாடிண்ணே."

சொந்த ஜீப்பின் பின் பெஞ்சில் வேலாண்டி உட்கார்ந்ததே இல்லை. மேலே பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருந்தது. அது இத்தனை ஆட்டம் ஆடும் என்று அவனுக்குத் தெரியாது.

தார் இருந்தவரை சும்மா இருந்தான். மண் தொடங்கியதும் மழையும் பிடித்துக்கொண்டது.

தினமும் போகிற வழிதான். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவான். ஆனால் பின்னால் இருந்து பார்த்தால் வழியே தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் ரஷீதாவின் முக்காடு, பக்கவாட்டில் பள்ளம். அந்தப் பள்ளம் அங்கே அத்தனை கிட்டத்தில் எப்போது வந்தது?

"கொஞ்சம் மெதுவா வாத்தியாரம்மா."

முக்காடு அசையவில்லை.

செம்மண் வளைவு வந்தது. வண்டி ஒரு தரம் இடுப்பை ஆட்டியது.

"நிறுத்துங்க."

வண்டி போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்து தாயி! நான் இறங்கிக்கிறேன்!"

இன்னொரு ஆட்டம். பள்ளத்தில் ஒரு மரத்தின் தலை தெரிந்தது. மரத்தின் தலை!

"அடியே, நிறுத்துடி!"

நிறுத்தினாள். வளைவு முடிந்து, ஏற்றம் முடிந்து, பாறைத் தரை வந்த பிறகு.

வேலாண்டி இறங்கினான். ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"காது கேக்கலியா உனக்கு?"

"கேட்டுச்சுண்ணே."

"புது டயர்தானே போட்டிருக்கு? அங்க நின்னா மறுபடி கிளம்பாதா?"

"கிளம்பும். நடுச் சேத்துல நின்னாலும் கிளம்பும். பாத்துத்தானே போட்டேன்."

"அப்புறம் ஏன் நிறுத்தல?"

ரஷீதா சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"அதை நீங்கதான் சொல்லணும்."

மேலிருந்து பால் வண்டி ஒன்று இறங்கி வந்தது. கை காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் அங்கேயே நின்றான். மழை விட்டது. மறுபடி பிடித்தது. அப்புறம்தான் வண்டியை எடுத்தான்.

வீட்டுக்குப் போய் ஹாரன் அடிக்கவில்லை. ஜீப்பைத் தள்ளியே நிறுத்திவிட்டு உள்ளே போனான்.

சுகந்தி சுவரில் சாய்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு காயை எடுத்து நார் உரித்தான். இன்னொன்று எடுத்தான்.

"என்னப்பா?"

"அன்னைக்கு நீ நிறுத்தச் சொன்ன."

அவள் கை நின்றது.

"எனக்குக் கேட்டுச்சும்மா."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். நனைந்த சட்டையைப் பார்த்தாள். துண்டை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

காலையில் எழுந்து பார்த்தால், வாசலில் அவள் பையைக் கட்டி வைத்திருந்தாள்.

முன்சீட்டில் ஏறினாள். பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டாள். விரல் வெளுத்திருந்தது. வேலாண்டி பார்த்தும் பார்க்காத மாதிரி வண்டியை எடுத்தான்.

செம்மண் வளைவு வந்தது. இறக்கம். இரவெல்லாம் பெய்த மழையில் சேறு ஊறிக் கிடந்தது. முதல் கியரில் சக்கரம் சேற்றில் இறங்கியது.

"நிறுத்துங்கப்பா."

நிறுத்தினான்.

நட்ட நடுச் சேற்றில், பள்ளத்துக்குப் பக்கத்தில், ஜீப் நின்றது. ஒரு பிடி மண் நழுவியது. டயர் கடித்துக்கொண்டது. என்ஜின் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

பின்னால் ஒரு ஜீப் வந்து ஹாரன் அடித்தது. "யோவ் வேலாண்டி! சேத்துல நிக்கிறியே, புத்தி கெட்டுப்போச்சா?"

வேலாண்டி திரும்பவில்லை. ஏன் என்று மகளைக் கேட்கவும் இல்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சுகந்தி பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். அப்பாவின் கையைப் பார்த்தாள். பின்னால் ஹாரன் இன்னொரு தரம் அலறியது.

கதவைப் பிடித்திருந்த கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"சரிப்பா. போங்க."