சூதுபவளத்துக்குக் கிழக்கு எது?

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் பட்டங்கள் அதிகமாகவும் இருந்த நல்ல காலத்தில், உத்தண்ட பூபதி என்ற மன்னர் ஒரு தேசத்தை ஆண்டுவந்தார். அவருக்கு ஒருநாள் ஒரு கல் கிடைத்தது.

கல் என்றால் சாதாரணக் கல் அல்ல, சூதுபவளம். பெயரில்தான் பவளம், கடலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நெருப்புத் துண்டை நெய்யில் தோய்த்து எடுத்தது போன்ற சிவப்பு. ஆள்காட்டி விரல் நீளம், கொட்டைப்பாக்குப் பருமன். முகம் தெரியும்படி மெருகேற்றி, வணிகர் ஒருவர் கொண்டுவந்து காணிக்கையாக வைத்தார். மன்னர் அதைக் கையில் எடுத்தார். எடுத்தவர் மூன்று நாள் கீழே வைக்கவில்லை. வலது கையில் கல் இருந்தபடியால் பட்டத்தரசி சோறு ஊட்டிவிட்டாள். நான்காம் நாள் கல் ரசத்தில் விழுந்தது. ராஜாங்கமே கூடி அதைக் கரண்டியால் எடுத்தது.

"இனி இது நம் கழுத்தில் இருக்கட்டும்" என்று மன்னர் ஆணையிட்டார். பொன்னில் கூடு கட்டித் தொங்கவிடலாம் என்றார்கள். "கல்லை அணிகிறோமா, கூட்டை அணிகிறோமா? நடுவே நெடுகத் துளையிட்டு, நூலில் கோத்துக் கொண்டுவாருங்கள்!" என்றார் மன்னர்.

சபையில் அங்கமுத்து என்று ஒரு விகடகவி இருந்தான். மன்னரைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். வாயைத் திறப்பதற்குத்தான் சம்பளம் என்பதால், திறக்கக் கூடாத இடத்திலும் திறந்துவிடுவான்.

"மணிக்காரத் தெருவில் காத்தாயி என்று ஒருத்தி இருக்கிறாள், மகாராஜா. கொசுவைப் பிடித்துக் கொடுத்தால் அதற்கும் காது குத்திக் கடுக்கன் போட்டு அனுப்புவாள்" என்றான்.

காத்தாயி வந்தாள். நாற்பது வயது, முழங்கை வரை கல்தூள். கல்லை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். நகத்தால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டாள்.

"எட்டு நாள் ஆகும் மகராசா. இந்த முனையிலேர்ந்து பாதி, அந்த முனையிலேர்ந்து பாதி. நடுவுல ரெண்டும் சேந்துக்கும்."

மன்னர் தலையசைத்தார். காரியம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சபையில் ராஜ நிமித்திகர் சகுனபூஷணரும் இருந்தார்.

சகுனபூஷணர் என்பது பட்டம். தாய் தகப்பன் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிருந்தது. பல்லி விழுந்தால் பலன் சொல்வார். விழாவிட்டால் ஏன் விழவில்லை என்பதற்கும் பலன் சொல்வார். அங்கமுத்து என்றால் அவருக்கு ஆகாது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவருடைய சோதிடத்தைவிட அங்கமுத்துவின் வேடிக்கைப் பேச்சு அடிக்கடி பலித்துத் தொலைத்தது.

அவர் எழுந்து சால்வையைச் சரிசெய்தார். அது சரியாவதற்கே சிறிது நேரம் பிடித்தது.

"பிரபு! கிழக்கு உதயத்தின் திசை. மேற்கு அஸ்தமனத்தின் திசை. அரசரின் மார்பில் தவழப்போகும் கல்லுக்குள் மேற்கிலிருந்து ஓர் ஊசி நுழையுமானால், அது தங்கள் கீர்த்தி அஸ்தமிக்கும் வழியாகாதா? துளை கிழக்கிலிருந்து மேற்கு நோக்கியே செல்லவேண்டும். எதிர்த்திசையில் எள்ளளவும் கூடாது. கல் சிறிதேனும் சிதறினால், துளைத்தவளின் வலது கைக் கட்டைவிரலைத் துண்டிப்பதே சாந்தி."

கீர்த்தி அஸ்தமிக்கும் என்றதும் மன்னருக்கு முகம் வெளிறியது. அப்படியே ஆகட்டும் என்றுவிட்டார்.

காத்தாயி தன் கட்டைவிரலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அதைக் கண்ட அங்கமுத்துவுக்குக் கொசு, கடுக்கன் எல்லாம் தொண்டையில் வந்து நின்றன.

மறுநாள் காலையில் அவன் மணிக்காரத் தெருவுக்குப் போனான். அவள் வேலையில் இருந்தாள். முன்னால் மரக்கிட்டி, அதன் வாயில் இறுகப் பிடித்த சின்னக் கல். ஒரு கையில் வில். வில்லின் நாண் ஊசியைச் சுற்றியிருந்தது. வில்லை முன்னும் பின்னும் இழுக்க, முனையில் வைரச் சில்லு பதித்த ஊசி கிர் கிர்ரென்று சுழன்றது. மேலே கட்டிய கலயத்திலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"ஒரே பக்கமாத் துளைச்சா என்னம்மா ஆகும்?"

அவள் பக்கத்திலிருந்த ஓட்டுச்சில்லிலிருந்து ஒரு மணியை எடுத்து அவன் மடியில் போட்டாள். ஒரு முனையில் துளை அழகாக இருந்தது. மறுமுனை, கல்லெறி பட்ட பானை வாய் மாதிரி பிளந்திருந்தது.

"அந்தக் கோடிக்கு வந்து ஊசி வெளியே எட்டிப் பாக்கும் பாருங்க, அப்ப கல்லு வாயைப் பொளந்துரும். எங்க தாத்தன் துளைச்சாலும் பொளக்கும். அந்தச் சகுனக்காரரே வந்து துளைச்சாலும் பொளக்கும்."

"நான்தான் உன்னை இதில் மாட்டிவிட்டேன்."

"ஆமாண்ணே. வாய் உங்களுது, விரல் என்னுது" என்றாள் அவள், வில்லை நிறுத்தாமலே.

அங்கமுத்து, அவளைத் தேசத்தைவிட்டு ஓடிப்போகச் சொல்லலாமா, மன்னர் காலில் விழலாமா என்று யோசித்துக்கொண்டே அவள் கையைப் பார்த்திருந்தான். துளை பாதி ஆயிற்று. அவள் கிட்டியைத் தளர்த்தினாள், கல்லைப் புரட்டினாள், மறுபடி இறுக்கினாள், வில்லை எடுத்தாள்.

"இரு இரு. அந்த முனையிலேர்ந்து துளைக்கணும்னா நீ எழுந்து அந்தப் பக்கம் போக வேண்டாமா?"

அவள் அவனை இரக்கத்தோடு பார்த்தாள். "நான் எதுக்குண்ணே போறேன்? ஒரு நாளைக்கு நாப்பது சின்ன மணி துளைக்கிறேன். ஒவ்வொண்ணுக்கும் எந்திரிச்சுச் சுத்திக்கிட்டிருந்தா இடுப்பு என்னத்துக்கு ஆகும்? நான் இங்கனயேதான் இருப்பேன். கல்லுதான் திரும்பும்."

அங்கமுத்து அந்தக் கிட்டியையே பார்த்தான். அரண்மனையில் பிறந்து அரண்மனையில் பருத்தவர் சகுனபூஷணர். அங்கே பொருள் வைத்த இடத்தில் இருக்கும். ஆட்கள்தான் அதைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். கட்டிலானாலும் சிம்மாசனமானாலும் அதுதான் வழக்கம். ஆள் உட்கார்ந்திருக்க, பொருள் திரும்பும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

"காத்தாயி, இதைப்பத்தி ஒரு வார்த்தை வெளியே விடாதே" என்று சொல்லிவிட்டு, நேராகச் சகுனபூஷணர் மாளிகைக்குப் போனான். போய், காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

"ஐயா, தங்கள் கட்டளை சாதாரணமானதல்ல. அதை வாய்வார்த்தையாக விட்டுவிட்டால் நாளைக்கு எவனாவது ஊசியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து ஏய்த்துவிடுவான். செப்பேட்டில் வெட்டினால் என்ன? கிட்டியைச் சபையிலேயே தரையில் அறைந்துவிட்டால் என்ன? அவள் உட்காரும் இடத்தையும் கோடு போட்டு நிறுத்திவிடலாமே!"

சகுனபூஷணர் மீசை பூரித்தது. தன் எதிரி தன் பெருமையைப் புரிந்துகொண்டான் என்றே நினைத்தார். பெருமை உள்ளவர்களிடம் இது ஒரு வசதி. யார் காலைப் பிடித்தாலும் காரணம் கேட்கமாட்டார்கள்.

செப்பேடு தயாராயிற்று. முதல் முப்பது வரி மன்னரின் பட்டங்கள். அடுத்த பத்து வரி சகுனபூஷணரின் பட்டங்கள். கடைசியில், இடம் போதாமல் சின்ன எழுத்தில்: 'ஊசி கிழக்கிலிருந்து மேற்கு நோக்கியே செல்லும். மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி எள்ளளவும் செல்லாது. கல் சிதறின் விரல் போம்.' கீழே ராஜமுத்திரை. சபை நடுவே குச்சி நட்டு, நிழல் பார்த்து, திசை குறித்து, கிட்டியை அறைந்தார்கள். அதற்குக் கிழக்கே காத்தாயிக்கு ஒரு மணை. அதைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு.

வேலை ஆரம்பித்தது. முதல் நாள் சபையே கண்கொட்டாமல் பார்த்தது. இரண்டாம் நாள் அந்தக் கிர் கிர் சத்தத்தில் சேனாதிபதி தூங்கிவிட்டார். மூன்றாம் நாள் மந்திரிகளும் தூங்கினார்கள். ராஜாங்க காரியம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. சகுனபூஷணர் மட்டும் விழித்திருந்து, கோட்டையும் ஊசியையும் காவல் காத்தார்.

ஐந்தாம் நாள் காலையில் காத்தாயி வில்லை வைத்தாள். கிட்டியைத் தளர்த்தினாள். கல்லைப் புரட்டி, இறுக்கி, மறுபடி வில்லை எடுத்தாள்.

"நிறுத்து!" சகுனபூஷணர் போட்ட சத்தத்தில் சேனாதிபதி வாளை உருவிக்கொண்டு எழுந்தார். "துரோகம்! மறுமுனையில் துளைக்கிறாள்! எடுங்கள் அவள் விரலை!"

மன்னர் முகம் கறுத்தது. "அங்கமுத்து, இவள் நம் ஆணையை மீறினாளா?"

அங்கமுத்து முன்னே வந்தான். "மகாராஜா, ஏட்டில் உள்ளபடி நடக்கட்டும். அவள் கோட்டைத் தாண்டினாளா?"

"இல்லை."

"கிட்டி பெயர்ந்ததா?"

"இல்லை."

"ஊசி எங்கிருந்து எங்கே போகிறது?"

மன்னர் எட்டிப் பார்த்தார். "கிழக்கிலிருந்து மேற்கே."

"ஆனால் கல்லின் மேற்கு முனை கிழக்கே வந்துவிட்டதே, பிரபு!" என்று சகுனபூஷணர் துடித்தார்.

"ஐயாவுக்கு ஒரு கேள்வி" என்றான் அங்கமுத்து. "மன்னர் கிழக்கு நோக்கி வீற்றிருக்கிறார். தாங்கள் அவரை நோக்கி நிற்கிறீர்கள். தங்கள் முதுகு எந்தத் திசையில் இருக்கிறது?"

"கிழக்கில்."

"கொஞ்சம் திரும்பி நில்லுங்கள்."

"அரசருக்கு முதுகு காட்டுவதா? அபசாரம்!"

மன்னருக்கு ஆவல் தாங்கவில்லை. "பாதகமில்லை, திரும்பும்."

சகுனபூஷணர் திரும்பினார். சபை முதன்முறையாக அவர் சால்வையின் பின்பக்கக் கிழிசலைப் பார்த்தது.

"இப்போது தங்கள் முதுகு?"

"மேற்கே" என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"தங்கள் முதுகோடு சேர்ந்து சூரியனும் இடம் மாறினானா?"

"அதெப்படி மாறுவான், மூடனே!"

"தங்களைப் போன்ற மகான் திரும்பியே திசை திரும்பவில்லை. விரல் நீளக் கல் திரும்பியா திசை திரும்பிவிடும்? ஆனாலும் தங்களுக்கு மனக்குறை வேண்டாம். கல்லைத் திருப்பக் கூடாது என்று ஏட்டில் ஒரு வரி இருந்தால் காட்டுங்கள். இல்லையென்றால், மகாராஜா முத்திரையிட்ட வாக்கில் குறை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்."

சகுனபூஷணர் வாயைத் திறந்தார். மூடினார். குறை இருக்கிறது என்றால் தலை போகும். இல்லை என்றால் வழக்கு போகும். முதுகைக் காட்டியபடியே நின்றார்.

மன்னருக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. அடக்கிக்கொண்டார். "வேலை நடக்கட்டும். ஆனால் கல் சிதறினால் விரல் போகும். அதுவும் ஏட்டில் இருக்கிறது."

மூன்று நாள் சபையில் யாரும் தூங்கவில்லை. எட்டாம் நாள் பிற்பகல் ஊசியின் சத்தம் மாறியது. கிர் என்பது லேசாகி, ஊதுகுழல் மூச்சு மாதிரி ஒரு சீற்றம். காத்தாயி வில்லை வைத்தாள். கல்லை எடுத்துக் கழுவினாள். சாளரத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடினாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அங்கமுத்து தன் கட்டைவிரலைத் தானே இறுகப் பிடித்திருந்தான்.

"நூலு குடுங்கண்ணே."

மெழுகு பூசிய பட்டுநூல் ஒரு முனையில் நுழைந்தது. நுழைந்து, காணாமற்போய், நேரம் போக்கி, மறுமுனையில் மெல்லத் தலைநீட்டியது. இரண்டு முனையிலும் ஒரு சில் இல்லை, ஒரு கீறல் இல்லை.

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். ஐந்தாம் நாளிலிருந்து அடக்கிவைத்த சிரிப்பும் சேர்ந்து வந்ததால் கிரீடத்தை யாரோ பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அங்கமுத்துவுக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். "காத்தாயி, உனக்கு என்ன வேண்டும்?"

"தொழில் செய்றவங்க விரலை வெட்டுற பேச்சு இனிமே வேண்டாம் மகராசா. அதுபோக, ஏரிக்கரையில ரெண்டு காணி நிலம்."

இரண்டும் கொடுத்தார். இந்தக் கல்லுக்கு ஜோடியாக இன்னும் இருபத்தாறு கல் வரவழைத்து, அத்தனையையும் அவளே துளைக்கவேண்டும் என்றும் சொன்னார். பிறகு சகுனபூஷணர் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு கல்லையும் சரியான வேளையில் திருப்ப ஓர் ஆள் வேண்டும். உம்மைவிடத் திசை அறிந்தவர் யார்? இன்று முதல் நீர் ராஜ சிலா பரிவர்த்தன மகாதிகாரி."

சகுனபூஷணர் கண்ணில் நீர் தளும்பியது. தண்டனைக்காக அல்ல. இவ்வளவு நீளமான பட்டம் அவருக்கு அதுவரை கிடைத்ததே இல்லை.

மறுவாரம் மணிக்காரத் தெருவில், கல்தூளுக்கு நடுவே, புதுச் சால்வையோடு அவர் மணையில் உட்கார்ந்திருந்தார். துளை பாதி ஆனது.

"திருப்புங்க சாமி" என்றாள் காத்தாயி.

அவர் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். "இன்னும் மூன்று நாழிகை ராகுகாலம் இருக்கிறதம்மா."

"அப்ப நீங்க ராகுவைப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, அவள் கல்லைத் திருப்பிக்கொண்டாள்.